பண்ருட்டிப் பக்கம் ஒரு காணிச் செம்மண்: பலா வைப்பதா, முந்திரி வைப்பதா?

கேள்வி கேட்டவர்: கிணற்றடிப் பலா

வணக்கம். காடாம்புலியூர் பக்கத்தில் அப்பா விட்டுப்போன ஒரு காணிக் கொல்லை, அதாவது ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான புன்செய் நிலம், இருக்கிறது. வருகிற ஆடியில் அதில் மரம் வைத்தே ஆக வேண்டும் என்று இருக்கிறேன். பலாவா, முந்திரியா என்பதில்தான் வீட்டில் பேச்சு முடியவில்லை. இரண்டையும் வைத்து வளர்த்தவர்கள் யாராவது யோசனை சொல்லுங்கள்.

நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது புதுச்சேரி லாசுப்பேட்டையில். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வருகிறேன். அம்மா ஊரை விட்டு வரமாட்டேன் என்கிறார். வயது 68. இரண்டு ஆடும் ஒரு மாடும் வைத்திருக்கிறார். முழங்கால் வலி உண்டு. தம்பி சென்னையில் இருக்கிறான்.

அப்பா காலத்தில் அந்தக் கொல்லையில் 11 பலா மரங்கள் நின்றன. 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயலில் 9 மரங்கள் சாய்ந்துவிட்டன. காற்று அடங்கியதும் கொல்லைக்குப் போன அப்பா மதியச் சாப்பாட்டுக்கும் திரும்பவில்லை. தேடிக்கொண்டு போனேன். சாய்ந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பலாப் பிஞ்சு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. மரத்தை எல்லாம் அந்த மாதமே கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு அவர் அங்கே மரம் வைக்கவே இல்லை. சில வருடம் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டார். அப்புறம் குத்தகை. அவர் போன பிறகு மூன்று வருடமாகத் தரிசு. இப்போதுதான் பொக்லைன் விட்டு வேலிக்கருவையை எடுத்திருக்கிறேன்.

மிச்சம் நிற்கும் இரண்டில் ஒன்று கிணற்றடியில் இருக்கிறது. அடிமரத்தில், வேருக்குப் பக்கத்தில் காய்க்கும். சுளை சின்னதுதான், ஆனால் அப்படி ஒரு மணம். அம்மாவுக்கு அந்த மாதிரி மரமே மறுபடி வேண்டும். தம்பி முந்திரிதான் என்கிறான். 'முந்திரின்னா கன்றை வச்சுட்டு வேலியைச் சாத்திட்டு வந்துடலாம். தண்ணி வேணாம், ஆள் வேணாம். பலாவை வச்சுட்டு இன்னொரு புயலுக்குக் காத்திருக்கணுமா?' என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மண்: கிழக்குப் பாதி நல்ல ஆழமான செம்மண். வடக்கு ஓரம் முழுக்கச் சரளை, கடப்பாரை ணங் என்கிறது. மேற்கே கொஞ்சம் பள்ளம், ஐப்பசி கார்த்திகையில் நாலைந்து நாள் தண்ணீர் நிற்கும். கிணற்றில் மோட்டார் இருக்கிறது. கோடையில் ஒரு மணி நேரம் ஓடும்.


பதில்: செம்மண் தோப்பு

அம்மா, உங்கள் அப்பா அந்தப் பிஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் உங்கள் பக்கத்து ஆள்தான். இரண்டு காணி முந்திரியும் வீட்டைச் சுற்றி 26 பலாவும் இருக்கின்றன. தானேக்கு முன்னால் பலா 40க்கு மேல் இருந்தது.

முதலில் தம்பி சொன்னதை எடுத்துக்கொள்வோம். முந்திரிக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது ஓரளவுக்குச் சரி. முதல் இரண்டு கோடை தாண்டிவிட்டால், வேறு எதுவும் வராத சரளையிலும் மணல் மேட்டிலும் அது வந்துவிடும். ஆனால் ஆள் வேண்டாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முந்திரிக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டாம். வேண்டிய நாளில் கட்டாயம் வேண்டும், அந்த நாளைத் தள்ளிப்போட முடியாது.

பூ மார்கழி, தையில் வருகிறது. துளிரும் பூவும் வரும் அந்த நேரத்தில்தான் தேயிலைக் கொசு என்கிற பூச்சி வந்து சாறு உறிஞ்சும். துளிரில் முதலில் கறுப்புப் புள்ளி விழும், அப்புறம் பூங்கொத்தே நெருப்பில் காட்டியதுபோல் கருகி நிற்கும். பார்த்த அன்றே கவனிக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் அந்த வருடத்துக் காய்ப்பு போயிருக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் தினம் காலையில் கொட்டை பொறுக்க வேண்டும். பழம் தானாக விழுந்த பிறகுதான் கொட்டை முற்றியிருக்கும். மரத்திலிருந்து பறித்தால் பருப்பு பால் கட்டாமல் சுருங்கிக் கிடக்கும். விழுந்ததை அன்றன்றைக்கு எடுக்காவிட்டால், வேலி எத்தனை உயரம் இருந்தாலும் அது உங்கள் வீட்டுக்கு வராது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன் மகள் பிரசவத்துக்காக இரண்டு மாதம் வெளியூரில் இருந்துவிட்டேன். திரும்பி வந்து தோப்பைச் சுற்றும்போது தென்மேற்கு மூலையில் நல்ல காய்ப்பு மரம் ஒன்று இலை மஞ்சளாகி நின்றது. தண்ணீர் இல்லாத வாட்டம் என்று நினைத்தேன். குனிந்து அடியைப் பார்த்தால் தூர்ப்பட்டையில் சின்னச் சின்ன ஓட்டை, அதிலிருந்து மரத்தூள் சக்கையும் பிசினும் கலந்து வழிந்து மண்ணில் கட்டியாகக் கிடந்தது. உளியை எடுத்து வந்து பட்டையை நெம்பினேன். உள்ளே வெள்ளையாக, விரல் நீளத்துக்குப் புழு. ஒன்றை எடுத்தால் பக்கத்துப் பொந்தில் இன்னொன்று. வேர் வரைக்கும் தோண்டி 14 புழு எடுத்தேன். புழு பட்டையை மரத்தைச் சுற்றிலும் தின்றுவிட்டதால் மரம் பிழைக்கவில்லை. முந்திரிக்காரர்கள் பயப்படுகிற தண்டு துளைப்பான் இதுதான். சீக்கிரம் பார்த்தால் உளியும் அரை மணி நேரமும் போதும். புழுவை எடுத்துவிட்டு, தாரும் மண்ணெண்ணெயும் ஒன்றுக்கு இரண்டு பங்காகக் கலந்து தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு அடிமரத்தில் பூசிவிடலாம். தீர்க்க முடியாமல் பட்டுப்போன மரத்தை வேரோடு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டு அதிலிருந்து கிளம்பி அடுத்த மரத்துக்குப் போகும். இதற்கெல்லாம் மாதம் ஒரு முறையாவது ஒவ்வொரு மரத்தின் தூரையும் குனிந்து பார்க்கிற கண் வேண்டும். வேலியைச் சாத்திவிட்டு வருகிற பயிர் இல்லை இது.

பலாவில் கஷ்டம் வேறு மாதிரி. அது முதல் சில வருடத்திலேயே வந்துவிடும். கொட்டை போட்டு வளர்த்தால் காய்க்க ஏழெட்டு வருடம். ஒட்டுக்கன்று என்றால் நாலாம் வருடத்தில் பிஞ்சைப் பார்க்கலாம். முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் விட்டே ஆக வேண்டும். உங்கள் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 30 கன்றுக்குக் குடம் கணக்கில் தாராளமாகப் போதும். இன்னொன்று ஆடு. பலா இலை என்றால் ஆட்டுக்கு உயிர். அம்மாவுடைய இரண்டு ஆடும் ஒரு நாள் மாலை அவிழ்ந்துகொண்டால் ஒரு வருட வளர்ச்சி போய்விடும். கன்றுக்குக் கன்று முள் அடைப்பு போடுங்கள்.

மரம் நிலைத்துவிட்டால் பலா உங்களை இழுத்தடிக்காது. மாசியில் பிஞ்சு தெரியும்போது வியாபாரி வருவார், தோப்பைச் சுற்றிப் பார்ப்பார், மரத்தோடு விலை பேசுவார். அதற்கு மேல் காவலும் வெட்டும் வண்டியும் அவர் பாடு. மாதத்தில் இரண்டு ஞாயிறு வருகிறவருக்கு இது ஒத்துவரும். விலையில் ஏமாறாமல் இருக்க இரண்டு மூன்று பேரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பலா வைத்தவர்கள் பயப்படுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் காய்ப்பில் பிஞ்சு பிஞ்சாகக் கறுத்துக் கீழே விழும். நோய் என்று மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். விழுவதில் பெரும்பாலானவை ஆண் பூக்கதிர்கள். மகரந்தம் உதிர்ந்ததும் கறுத்துப் பூசணம் பூத்து விழுவதுதான் அதன் வேலை. காயாகிற பெண் பிஞ்சுக்குக் காம்பு தடிப்பாக இருக்கும், காம்பு பிஞ்சோடு சேரும் இடத்தில் ஒரு வளையம் தெரியும். அந்த வளையம் உள்ள பிஞ்சே கறுத்தால்தான் கவலைப்பட வேண்டும். விழுந்த கதிரைக் கூட்டி அள்ளி அப்புறப்படுத்தினாலே பூசணம் பாதி குறையும். ஒரே கொத்தில் நாலைந்து பிஞ்சு பிடித்தால் ஒன்றையோ இரண்டையோ விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். எடுத்த பிஞ்சு கூட்டுக்கு ஆகும்.

தம்பியின் புயல் கேள்விக்கு வருகிறேன். நியாயமான கேள்வி. தானே கடந்த மறுநாள் என் தோப்பில் சாய்ந்த மரம் ஒவ்வொன்றின் வேரையும் நின்று பார்த்தேன். சரளை மேட்டில் நின்றவை தட்டுப்போல் வேரைப் பரப்பியிருந்தன, ஆணிவேர் முழம்கூட இறங்கவில்லை. காற்று அந்தத் தட்டையே பெயர்த்துவிட்டது. ஆழமான செம்மண்ணில், கொட்டையை அங்கேயே போட்டு முளைத்த மரங்களில் கிளை முறிந்தது, இலை ஒன்றுகூட மிச்சம் இல்லை, ஆனால் அடிமரம் நின்றது. அடுத்த மழைக்குத் துளிர்த்தது. முந்திரி மட்டும் தப்பிவிட்டது என்று தம்பி நினைத்தால் அதுவும் சரியில்லை. அதன் கட்டை பலாவைவிட மெது. அந்த வருடம் இந்தப் பக்கத்தில் முந்திரித் தோப்பு தோப்பாகப் படுத்துக் கிடந்ததை அவரும் பார்த்திருப்பார்.

என் நிலமாக இருந்தால் இப்படிச் செய்வேன். கிழக்குப் பாதியில் பலா, 30 அடிக்கு ஒன்று, சுமார் 30 மரம் வரும். மூன்றடிக்கு மூன்றடி குழி. வடக்குச் சரளை ஓரத்தில் மட்டும் முந்திரி, 23 அடிக்கு ஒன்று, 20 மரத்துக்கு மேல் வேண்டாம். மேற்குப் பள்ளத்தில் இரண்டையும் வைக்காதீர்கள். தண்ணீர் நின்றால் பலா முதலில் சாகும், முந்திரியும் பின்னாலேயே போகும். அங்கே மாட்டுக்குப் புல் போடலாம். வரப்பில் பனங்கொட்டை ஊன்றுங்கள்.

கன்றுக்குப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள், பாலூர் 1, பாலூர் 2 இரண்டும் அங்கே வந்த பலா ரகங்கள். முந்திரிக்கு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம். வி.ஆர்.ஐ. 3 இந்த மண்ணுக்குப் பழகின ரகம். முந்திரி ஒட்டுக்கன்றை நடும்போது ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், அதில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்காமல் விட்டுக் கழுத்து நெரிந்து போன கன்றுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிக்கொண்டே இருங்கள். முதல் இரண்டு வருடம் பூ வந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு உருவிவிடுங்கள். மரம் திடமாகட்டும்.


பதில்: முந்திரி உடைத்த கை

தங்கச்சி, ஐயா சொன்னதில் நான் சேர்க்க வேண்டியது ஒன்றுதான். அது உங்கள் அம்மாவைப் பற்றி.

நான் முந்திரித் தோப்பில் பிறந்து வளர்ந்தவள். புகுந்த வீட்டிலும் முந்திரி. 20 வருடம் கொட்டை உடைத்திருக்கிறேன். எனக்கு அந்த மரத்தின் மேல் ஆசை அதிகம், அதனால் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது வீட்டு மரம். என் கல்யாணத் தோடு முந்திரிக் காசு.

ஆனால் பொறுக்குகிற வேலை எப்படிப்பட்டது என்று புதுச்சேரியில் இருக்கும் உங்களுக்குத் தெரிய வேண்டும். மாசிக் கடைசியிலேயே மரத்தடிச் சருகை எல்லாம் கூட்டிச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சருகும் கொட்டையும் ஒரே நிறத்தில் கிடக்கும். முந்திரிக் கிளை தரையை ஒட்டிப் படரும். அதற்குள் குனிந்து நுழைந்து, குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து பொறுக்க வேண்டும். பழத்தைத் திருகிக் கொட்டையைத் தனியாக எடுக்க வேண்டும். ஒரு மரம் முடிவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் பத்துப் பன்னிரண்டு மரம் பார்க்கலாம். பிறகு இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே பருப்பு லொடலொட என்று ஆடும், அதுதான் பக்குவம். மூட்டை கட்டுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து ஆட்டிப் பார்க்காமல் நான் விட்டதே இல்லை.

முழங்கால் வலி உள்ள 68 வயது அம்மா மூன்று மாதம் தினம் குந்தி உட்கார முடியுமா? கொல்லையில் கொட்டை விழுந்து கிடக்கிறது என்று தெரிந்தால் அவர் வீட்டில் சும்மா இருக்கமாட்டார். என் மாமியார் அப்படித்தான். வேண்டாம் வேண்டாம் என்று நாங்கள் சொன்னாலும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சைக் கொட்டையைப் பல்லால் கடிக்கக் கூடாது. பிள்ளைகள் வந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள். உதடு வெந்துபோகும். உடைக்கிற நாங்கள் கையில் சாம்பல் தொட்டுக்கொண்டுதான் உட்காருவோம், அப்படியும் விரல் நுனித் தோல் உரியும். என் இடது கைப் பெருவிரல் ரேகை அழிந்து, ரேஷன் கடை மெஷினில் மூன்று நாலு தடவை வைத்தால்தான் எடுக்கும். அதே எண்ணெயைக் கடலூர்க் கரையில் படகு அடியில் பூசுவார்கள், தண்ணீர் ஏறாது, கட்டை உளுக்காது.

பழத்தை வீணாக்காதீர்கள். கொட்டை முதலில் பெரிதாகி, பழம் அதற்குப் பிறகுதான் உப்பும், அதனால் நல்ல சிவப்போ மஞ்சளோ ஏறும்வரை பொறுத்திருங்கள். நறுக்கி உப்புப் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்தால் தொண்டைக் கரகரப்பு குறையும். சாறு துணியில் பட்டால் கறை போகவே போகாது, நல்ல புடவையோடு தோப்புக்குப் போகாதீர்கள்.

மருந்து விஷயத்திலும் கவனம். ஐயா சொன்ன அதே தேயிலைக் கொசுவுக்காகத்தான் கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்கிற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். பல வருடம் கழித்து அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று நாடே பார்த்தது. 2011ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தையே நிறுத்தியது. உங்கள் கிணறு அந்தக் கொல்லையிலேயே இருக்கிறது, அம்மா அதில்தான் குடிக்கிறார். வேப்பெண்ணெயில் தொடங்குங்கள். அதற்கு மேல் எது தேவைப்பட்டாலும் வேளாண் அலுவலரைக் கேட்காமல் கடைக்காரர் கொடுப்பதை வாங்கி அடிக்காதீர்கள்.

20 மரம் என்று ஐயா சொன்னதே எனக்கு அதிகமாகத் தெரிகிறது. 10 வையுங்கள். வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அதில் வந்துவிடும். பலாக்கொட்டையும் நெத்திலிக் கருவாடும் போட்டு அம்மா குழம்பு வைப்பார் அல்லவா, இனிமேல் கொட்டையை அவர் வெளியில் தேட வேண்டியிருக்காது.


பதில்: தவில்கட்டை

நான் மரவேலைக்காரன், கடலூர். மரம் வளர்க்கத் தெரியாது, வெட்டின பிறகு அது என்ன ஆகும் என்று தெரியும்.

தானே அடித்த பிறகு உங்கள் பக்கத்துப் பலா எல்லாம் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்தது. 50, 60 வருடத்து மரங்கள், உள்ளே மஞ்சள் வைரம் பாய்ந்தவை, விறகு விலைக்குப் போயின. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கடன் வாங்கி என்னால் முடிந்த அளவு வாங்கினேன். மிருதங்கக் கட்டைக்கும் தவில் கட்டைக்கும் பண்ருட்டிப் பலா என்றால் இன்றைக்கும் தேடி வருவார்கள். தஞ்சாவூர் வீணையும் பலாவில்தான் குடைகிறார்கள். கதவு நிலைக்குப் போட்டால் கரையான் லேசில் தொடாது. முந்திரிக் கட்டை அடுப்புக்கும் சூளைக்கும்தான் போகும்.

அதனால் இப்போது நிற்கும் இரண்டு மரத்துக்கும் என்றைக்காவது ஏதாவது ஆனால், அவசரப்பட்டு முதலில் வருகிறவருக்குக் கொடுக்காதீர்கள். துண்டு போடாமல் அடிமரத்தை முழுசாக நிழலில் போட்டு வையுங்கள். வெட்டு வாயில் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசினால் வெடிக்காது. அது ஆறு மாதம்கூடக் காத்திருக்கும். புதிதாக வைக்கிற கன்றுகளில் நேராகப் போகிறதை எட்டடி வரைக்கும் பக்கக்கிளை இல்லாமல் விடுங்கள். உங்கள் பேரன் காலத்தில் ஒரு தவில்காரர் உங்களை நினைப்பார்.


பதில்: கிணற்றடிப் பலா

எல்லோருக்கும் நன்றி. இந்த ஞாயிறு ஊருக்குப் போய் அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். டார்ச் லைட் இடம் வந்ததும் அம்மா, 'அந்தப் பொண்ணு யாரு, என்னைப் பாத்த மாதிரியே எழுதியிருக்கு' என்றார். தம்பியையும் போனில் கூப்பிட்டு, வேர் தட்டுப்போல் பெயர்ந்ததைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். எங்கள் 9 மரங்களில் 6 வடக்குச் சரளையில்தான் நின்றன என்று அவனே சொன்னான். அப்பா அதைக் கவனித்தாரா தெரியவில்லை. தன் கைராசி போய்விட்டது என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மண்தான் காரணம் என்று அன்றைக்கே யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

கிழக்கில் பலா, வடக்கில் 10 முந்திரி. முடிவாகிவிட்டது.

ஒரே ஒரு கேள்வி ஐயா. அம்மா பாலூர்க் கன்று வேண்டாம் என்கிறார். கிணற்றடி மரத்துக் கொட்டையைத்தான் எல்லாக் குழியிலும் போட வேண்டும் என்கிறார். அப்படிப் போட்டால் அதே பழம் வருமா?


பதில்: செம்மண் தோப்பு

அம்மா, அதே பழம் வரும் என்று சொல்ல முடியாது. பலாவில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பக்கத்து மரத்து மகரந்தமும் வந்து கலக்கும். ஒரு பழத்துக் கொட்டைகளைப் போட்டால் பத்தில் ஒவ்வொன்றும் ஒரு விதமாகக் காய்க்கும். சில தாயைவிட நன்றாக வரலாம், சில சக்கையாகப் போகலாம். ஏழெட்டு வருடம் கழித்துத்தான் தெரியும்.

ஆனால் அம்மா கேட்பதற்கு வழி இருக்கிறது. முப்பது குழியில் பாதிக்குப் பாலூர் ஒட்டுக்கன்று வையுங்கள், அதுதான் நாலாம் வருடத்தில் வருமானத்தைக் காட்டும். மீதிக் குழிகளில் கிணற்றடி மரத்துக் கொட்டையைக் குழிக்கு மூன்றாக நேரடியாக ஊன்றுங்கள். பையில் போட்டு முளைக்கவைத்துப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் சுருண்டுவிடும், புயலுக்கு நிற்க வேண்டிய வேரே அதுதான். மூன்றில் திடமானதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் அடுத்த வருடம் எடுத்துவிடலாம். அந்த நாற்று பென்சில் தடிமன் ஆனதும், கிணற்றடி மரத்திலிருந்தே இளங்குச்சி வெட்டி அதன் மேல் ஒட்டுக் கட்டலாம். வேர் அந்த இடத்திலேயே இறங்கியிருக்கும், மேலே காய்ப்பது உங்கள் அப்பாவுடைய மரமாகவே இருக்கும். எல்லா ஒட்டும் பிடிக்காது. பத்துக் கட்டினால் ஐந்தாறு பிடித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். அதை நானே வந்து கட்டித் தருகிறேன்.

பலாக்கொட்டை மற்ற விதைபோல் காத்திருக்காது, உலர்ந்தால் முளைப்பு போய்விடும். சுளை சாப்பிட்ட அன்றே கொட்டையை வழவழப்புப் போகக் கழுவி, ஈர மணலில் புதைத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள் குழிக்குப் போய்விட வேண்டும். அதனால் குழிகளை இப்போதே வெட்டி, மேல்மண்ணும் மக்கிய எருவும் போட்டு ஆறவிடுங்கள். ஆடிக்காகக் காத்திருக்க வேண்டாம், அந்த மரத்தில் பழம் என்றைக்குப் பழுக்கிறதோ அன்றைக்குத்தான் உங்களுக்கு நடவு.

காய் இப்போது எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று அம்மாவைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முற்றாத காய் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். முள் அகன்று மழுங்கி, தட்டினால் பானையைத் தட்டியதுபோல் பொத்பொத் என்று கேட்டால் இன்னும் ஒரு வாரம். கேட்டுவிட்டு எழுதுங்கள், கடப்பாரையை எடுத்துக்கொண்டு வருகிறேன்.